மெயின் ஸ்ட்ரீட் அடிவாரத்துக் கருங்கல் நிலையம்: ஹோவர்ட் கவுண்டித் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

மேரிலாந்து மாநிலம் ஹோவர்ட் கவுண்டியில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்திவரும் ஆசிரியப் பெருமக்களுக்கும், தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

எல்லிகாட் சிட்டியின் பழைய மெயின் ஸ்ட்ரீட் சரிந்து இறங்கிப் பட்டாப்ஸ்கோ ஆற்றை எட்டும் இடத்தில், ரயில் பாலத்தை ஒட்டி நிற்கும் கருங்கல் ரயில் நிலையக் கட்டடத்தை உங்களில் அநேகமாக எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காரை நிறுத்த இடம் தேடி அதைச் சுற்றி வந்திருப்பீர்கள். அதன் முன் நின்று படமும் எடுத்திருப்பீர்கள். ஆனால் அதற்குள் நுழைந்து பார்த்த தமிழ்க் குடும்பங்கள் மிகக் குறைவு என்பது இந்த ஊரில் பல காலமாக வாழ்ந்துவரும் எனக்குத் தெரிந்த நிலவரம். ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வரும் பெற்றோரை நயாகராவுக்கும் நியூயார்க்குக்கும் வாஷிங்டன் அருங்காட்சியகங்களுக்கும் லேன்ஹம் சிவா விஷ்ணு கோவிலுக்கும் தவறாமல் அழைத்துச் செல்கிறோம். வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இந்த நிலையத்துக்கு அழைத்துச் செல்வதில்லை. அமெரிக்காவில் இன்றும் நிற்கும் ரயில் நிலையங்களில் மிகப் பழையது இதுதான் என்பதையும், அடுத்தடுத்து வந்த வெள்ளங்களைத் தாங்கிய இந்தக் கட்டடத்தின் எதிர்காலத்தில் மேட்டுப் பகுதியில் குடியிருக்கும் நமக்கும் பொறுப்பு உண்டு என்பதையும் எடுத்துச் சொல்லி, உங்களிடம் சிலவற்றைக் கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த நிலையம் இங்கே வந்த காரணம். 1825இல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டதும், அமெரிக்காவின் மேற்குப் பகுதியின் தானியமும் சரக்கும் நியூயார்க் துறைமுகத்தை நோக்கித் திரும்பத் தொடங்கின. மலைத்தொடர் குறுக்கே நின்றதால் அப்படியொரு கால்வாயை வெட்டிக்கொள்வது பால்டிமோருக்கு எளிதாக இல்லை. வணிகம் கைநழுவிப் போவதைக் கண்ட அந்நகர வணிகர்கள், இங்கிலாந்தில் அப்போதுதான் தலையெடுத்திருந்த இருப்புப்பாதையை நம்பத் துணிந்து, 1827இல் பால்டிமோர் ஓஹையோ ரயில்வேயைத் தொடங்கினார்கள். 1828 ஜூலை 4 அன்று அடிக்கல் நாட்டியவர் சார்லஸ் கரோல். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் அப்போது உயிரோடு இருந்தவர் அவர் ஒருவரே, வயது தொண்ணூறு. பாதையின் முதல் கட்டம் பால்டிமோரிலிருந்து எல்லிகாட் மில்ஸ் வரை 13 மைல். எல்லிகாட் சகோதரர்கள் 1772இல் மாவு ஆலைகளை நிறுவிய இடம் என்பதால் ஊருக்கு அந்தப் பெயர். ஏற்றுமதிக்கான மாவும், வீடு கட்டக் கருங்கல்லும் இங்கே கிடைத்தன. மேற்கே போகும் பெருவழியும் இதே ஊரின் வழியாகத்தான் சென்றது. ஆகவே 1830 மே மாதம் முதல் வண்டி வந்து நின்ற கடைசி நிறுத்தம், நாம் இன்று ஐஸ்கிரீம் வாங்கித் தின்றுகொண்டு நடக்கும் அதே தெருவின் அடிவாரம்.

அந்த முதல் வண்டியை இழுத்தவை குதிரைகள். பாதி வழியில் குதிரைகளை மாற்றிய இடத்துக்கு இன்றும் ரிலே என்றே பெயர். பட்டாப்ஸ்கோ ஆற்றின் வளைவுகளை ஒட்டியே பாதை வளைந்து வளைந்து போவதால், இங்கிலாந்தில் ஓடிய நீராவி எஞ்சின்கள் இதில் ஓடுமா என்ற ஐயம் பொறியாளர்களுக்கு இருந்தது. அந்த ஐயத்தைத் தீர்க்கத்தான் பீட்டர் கூப்பர் என்ற தொழிலதிபர், துப்பாக்கிக் குழல்களைக் கொதிகலனின் குழாய்களாகப் பொருத்தி, ஏறத்தாழ ஒரு டன் எடையே கொண்ட டாம் தம்ப் என்ற குட்டி எஞ்சினைக் கட்டி, 1830 ஆகஸ்டில் கம்பெனி இயக்குநர்களை ஏற்றிக்கொண்டு இந்த ஊர் வரை ஓட்டிக் காட்டினார். திரும்பும் வழியில் ஒரு குதிரையோடு பந்தயம் நடந்ததாகவும், காற்றூதியை இயக்கிய வார் கழன்றுவிட்டதால் எஞ்சின் தோற்றதாகவும் ஒரு கதை பள்ளிப் பாடம் வரை பரவியிருக்கிறது. அந்தக் கதை எழுத்தில் நிலைபெற்றது பல பத்தாண்டுகள் கழித்துத்தான். அப்படியொரு பந்தயம் நடந்ததா என்றே ஐயப்படும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. பந்தயம் நடந்ததோ இல்லையோ, வளைந்த பாதையில் நீராவி எஞ்சின் ஓடும் என்பது அன்று நிரூபணமானது. அடுத்த ஆண்டே குதிரைகளின் இடத்துக்கு எஞ்சின்கள் வரத் தொடங்கின.

நிலையக் கட்டடம் 1830க்கும் 1831க்கும் இடையில் எழுந்தது. ரயில் நிலையம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அன்று அமெரிக்காவில் முன்மாதிரியே கிடையாது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உள்ளூர்க் கருங்கல்லில் அடுக்கிய கனத்த சுவர்கள். தெரு மட்டத்தில் ஒரு தளம், தண்டவாள மட்டத்தில் மற்றொரு தளம். சரிவான நிலத்தைச் சமன் செய்யாமல், அந்தச் சரிவையே பயன்படுத்திக் கட்டியிருக்கிறார்கள். பயணிகளுக்காக என்று இதைக் கட்டவில்லை. சரக்கைக் கையாளவும் எஞ்சினைச் செப்பனிடவுமே கட்டினார்கள். பயணிகளுக்கு இதற்குள் முறையாக இடம் கிடைத்தது பின்னர்தான். இன்று அருங்காட்சியகமாக இருக்கும் இதற்குள் போனால் காத்திருப்பு அறையும், டிக்கெட் அறையும், தந்திக் கருவியும் அந்தக் காலத்தில் இருந்த விதமாகவே அமைந்திருக்கின்றன. வெளியே, எஞ்சினைத் திருப்புவதற்காக 1863இல் அமைத்த டர்ன்டேபிளின் கல் அடித்தளம், மண்ணுக்குள் புதைந்து கிடந்து தோண்டி எடுக்கப்பட்டதைக் காணலாம். 1885இல் கட்டிய கூட்ஸ் ஷெட்டுக்குள், அந்த முதல் 13 மைல் பாதையையும் அதன் பாலங்களோடு மாதிரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். இதைவிடப் பழைய ரயில் நிலையக் கட்டடம் வேண்டுமானால், 1830 செப்டம்பரில் திறந்த மான்செஸ்டரின் லிவர்பூல் ரோடு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அதுவும் இப்போது அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியே. நம் ராயபுரம் நிலையம் 1856இல் திறந்தது. இன்றும் இயங்கும் இந்திய நிலையங்களில் மிகப் பழையது என்று நாம் பெருமைப்படும் ராயபுரத்துக்கு, இந்த ஊர் நிலையம் கால் நூற்றாண்டு மூத்தது.

முற்றத்தில் 1927ஆம் ஆண்டின் கார்டு வேன் ஒன்று நிற்கிறது. என் தந்தையார் தென்னக ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை இங்கே அழைத்து வந்தபோது, கட்டடத்தை அவர் ஒரு சுற்றுப் பார்த்ததோடு சரி. இந்த வேனுக்குள் ஏறியவர் இறங்க மறுத்துவிட்டார். நடுவில் இரும்பு அடுப்பு, சுவரோரம் படுக்கைப் பலகை, கூரைக்கு மேல் துருத்தி நிற்கும் சிறு கண்ணாடிக் கூண்டு. அந்தக் கூண்டில் உட்கார்ந்துதான் வண்டியின் நீளம் முழுவதையும் கார்டு கண்காணித்தார் என்று அருங்காட்சியகத் தன்னார்வலர் சொல்லத் தொடங்கியதும், என் தந்தையார் இடைமறித்து, சக்கரத்தின் அச்சுப்பெட்டி சூடாகிப் புகையத் தொடங்கினால் அதை எவ்வளவு தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம் என்று விளக்க ஆரம்பித்தார். நான் மொழிபெயர்த்தேன். தன்னார்வலர் குறிப்பெடுத்துக்கொண்டார். நம் வீடுகளுக்கு வந்து, பகல் முழுவதும் டி.வி. முன் உட்கார்ந்து, பேரப்பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரத்தை எதிர்பார்த்துக் கிடக்கும் பெரியவர்களில் ரயில்வேயில் உழைத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இந்த ஊரில் அவர்கள் எதையாவது பார்த்து, "இது எனக்குத் தெரியும்" என்று சொல்லக்கூடிய இடம் இது ஒன்றாவது இருக்கிறது.

பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது பெருமையை மட்டும் சொல்லி அனுப்பிவிட வேண்டாம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். அடிக்கல் நாட்டிய கரோல், பக்கத்திலேயே இருந்த தம் டௌரகன் மேனர் பண்ணையில் நூற்றுக்கணக்கான மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட அதே கைதான் அது. பாதை போட்டவர்களில் பெரும்பகுதியினர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த கூலிகள். 1831 கோடையில் ஒப்பந்ததாரர் ஒருவர் கூலி கொடுக்காமல் ஓடிவிட்டதால், இந்த ஊருக்கு மேற்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் தாங்கள் போட்ட தண்டவாளத்தையே பெயர்த்தெறிந்தார்கள். அவர்களை அடக்கப் படை வந்தது, அதுவும் ரயிலில். வேலைக்காகக் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதி சொல்லாமலே விளங்கும் என்று நினைக்கிறேன். ஆற்றுக்கு அக்கரையில், சுதந்திரக் கறுப்பினத்தவராகப் பிறந்து, எல்லிகாட் குடும்பத்தார் இரவல் கொடுத்த நூல்களையும் கருவிகளையும் கொண்டு தாமாகவே வானியல் கற்றுப் பஞ்சாங்கம் கணித்து வெளியிட்ட பெஞ்சமின் பேனக்கரின் நினைவிடமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

இனி வெள்ளத்துக்கு வருகிறேன். இந்த மடலுக்கு உண்மையான காரணம் அதுதான்.

மெயின் ஸ்ட்ரீட்டின் அடிவாரத்தில் ரயில் பாலத்தைத் தாங்கும் கல்சுவரில், எந்த ஆண்டு வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று குறித்து வைத்திருக்கிறார்கள். 1868ஆம் ஆண்டின் குறி ஆள் உயரத்துக்கு வெகு மேலே இருக்கிறது. அண்ணாந்துதான் படிக்க வேண்டும். 1972இல் ஆக்னெஸ் சூறாவளி கொண்டுவந்த வெள்ளத்தின் குறியும் அங்கே உண்டு. பயணிகள் வண்டி முன்பே நின்றுபோயிருந்தது. ஆக்னெஸுக்குப் பிறகு நிலையத்தின் ரயில் அலுவலும் முடிவுக்கு வந்தது. அதோடு கட்டடத்தின் கதையும் முடிந்திருக்கும். ஆனால் 1968இலேயே இது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தது; உள்ளூர்க்காரர்கள் ஒன்றுகூடிப் புதுப்பித்து, 1976இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். இப்போது ஹோவர்ட் கவுண்டியின் பூங்கா, பொழுதுபோக்குத் துறை இதை நடத்துகிறது. நாம் கட்டும் வரியில் ஒரு துளி இதற்கும் போகிறது.

இந்தப் பழைய வெள்ளங்கள் ஆறு பெருகி, கீழிருந்து ஏறி வந்தவை. 2016 ஜூலை 30 இரவிலும் 2018 மே 27 மாலையிலும் வந்தவை அப்படியல்ல. அவை மேலிருந்து இறங்கியவை. 2016இல் இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு அங்குலம் அளவுக்கு மழை கொட்டியது. டைபர், ஹட்சன் முதலிய ஓடைகள் மேட்டிலிருந்து இறங்கி, கடைகளுக்கு அடியிலும் தெருவுக்கு அடியிலும் குறுகலான கல்வாய்க்கால்கள் வழியே போய் ஆற்றில் சேர்கின்றன. வாய்க்கால் கொள்ளாத நீர் மெயின் ஸ்ட்ரீட்டையே ஆறாக்கிக்கொண்டு, கார்களை உருட்டிக்கொண்டு, அடிவாரத்தில் நிற்கும் நிலையத்தை நோக்கிப் பாய்ந்தது. நிலையத்தின் முன்னுள்ள முற்றத்தில் நின்ற கடிகாரக் கம்பத்தை இரண்டு முறையும் அடித்துச் சென்றது. முதல் வெள்ளத்தில் இருவரும், இரண்டாவது வெள்ளத்தில் பிறரைக் காப்பாற்றப் போன தேசியக் காவல் படை வீரர் ஒருவரும் உயிரிழந்தார்கள்.

அந்த மேடு எது? ஊருக்கு மேற்கிலும் வடக்கிலும், பள்ளி நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு நம்மில் பலர் வீடு வாங்கிய அதே குடியிருப்புப் பகுதிகளில் ஒரு பங்கு அந்த நீர்ப்பிடிப்புக்குள்தான் வருகிறது. பாறைப்பாங்கான செங்குத்துப் பள்ளத்தாக்கு இது. எப்போதுமே இங்கே தண்ணீர் வேகமாகத்தான் ஓடும். அந்தப் பாறைக்கு மேலே நம் கூரைகளும், டிரைவ்வேக்களும், கடைத்தொகுதிகளின் பார்க்கிங் பரப்புகளும் பரவியபின், மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்த கொஞ்ச நீரும் ஓடைக்கே போகிறது. இந்த வீடுகளில் கணிசமானவை, மழைநீரைத் தேக்கி விடுவதற்கான இன்றைய விதிமுறைகள் வருவதற்கு முன்பே கட்டப்பட்டவை. பெய்த மழை அளவுக்கு எந்த ஏற்பாடும் ஈடுகொடுத்திருக்காது என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தில் உண்மையும் உண்டு. ஆனாலும் நாம் வழியவிடும் நீர் போய் மோதும் இடத்தில்தான் அந்தக் கருங்கல் கட்டடம் நிற்கிறது என்ற எளிய உண்மையை அது மாற்றாது. 2015 டிசம்பரில் சென்னையில் இருந்தவர்களுக்கும், அந்த நாள்களில் இங்கிருந்து போன் போட்டுப் போட்டு லைன் கிடைக்காமல் தவித்தவர்களுக்கும், ஏரியையும் கால்வாயையும் வீட்டு மனையாக்கினால் தண்ணீர் எங்கே போகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

2018க்குப் பிறகு கவுண்டி நிர்வாகம் விரிவான வெள்ளத்தடுப்புத் திட்டம் ஒன்றை வகுத்திருக்கிறது. மேட்டில் நீர்த்தேக்கக் குளங்கள் வெட்டுவது, பாறையைக் குடைந்து ஆற்றுக்கு நேரே ஒரு பெரிய சுரங்கக் குழாய் கொண்டுபோவது, மெயின் ஸ்ட்ரீட்டின் அடிவாரத்தில் சில பழைய கட்டடங்களை அகற்றி ஓடைக்கு இடம் விடுவது, நிலையத்துக்குப் பக்கத்தில் மேரிலாந்து அவென்யூவுக்கும் தண்டவாளத்துக்கும் அடியில் செல்லும் வாய்க்கால்களை அகலப்படுத்துவது ஆகியவை அதன் முக்கியக் கூறுகள். பழைய கட்டடங்களை இடிக்கலாமா என்ற கேள்வியில் ஊரே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. உயிரைக் காக்கச் சில சுவர்களை இழக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் எந்தச் சுவரை, எதற்காக, யாரைக் கேட்டு என்ற கேள்விகள் பொதுவிசாரணைகளில் எழும்போது, அங்கே கூடியிருப்பவர்களிடையே நம் முகங்களைக் காண்பது அரிதாக இருக்கிறது. பள்ளி எல்லைகளை மாற்றப் போகிறார்கள் என்ற செய்தி வந்தால் கூட்டம் கூட்டமாகப் போய், பெயர் கொடுத்து, மூன்று நிமிடம் பேசிவிட்டு வரத் தெரிந்தவர்கள்தானே நாம்? மழைநீர்க் கட்டணம் சொத்துவரி ரசீதில் வரும்போது வாட்ஸ்அப் குழுவில் முணுமுணுப்பதோடு நம் குடிமைக் கடமை முடிந்துவிடுகிறது.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை. தமிழ்ப் பள்ளிகள் தங்கள் ஆண்டுத் திட்டத்தில் ஒரு சனிக்கிழமையை இந்த நிலையத்துக்கு ஒதுக்க வேண்டும். பிள்ளைகளோடு தாத்தா பாட்டிகளும் வருவதாக அந்த நாள் அமைய வேண்டும். மேல்வகுப்பு மாணவர்கள் ஆசிரியர்களின் துணையோடு, நிலையத்தைச் சுற்றிப் பார்ப்பவர் கையில் வைத்துக்கொள்ளும்படி தமிழில் இரண்டு பக்கக் கையேடு ஒன்றை எழுத வேண்டும். அருங்காட்சியகப் பொறுப்பாளர்களிடம் அதைச் சரிபார்க்கக் கொடுத்து, அங்கேயே வைக்க அனுமதி கேட்கலாம். கட்டுரைப் போட்டிக்கு ஆண்டுதோறும் "என் கோடை விடுமுறை" என்று தலைப்புக் கொடுப்பதைவிட இது பயனுள்ள எழுத்துப் பயிற்சி. தமிழ் அமைப்புகள், ஓடைகள் பற்றியும் நிலையச் சுற்றுப்புறம் பற்றியும் கவுண்டி மன்றம் நடத்தும் விசாரணைகளின் தேதிகளைத் தங்கள் அறிவிப்புகளில் பொங்கல் விழா நிரலுக்குக் கொடுக்கும் அதே முக்கியத்துவத்தோடு வெளியிட வேண்டும். வீட்டுக்காரர்கள் கூரைநீரைத் தொட்டியில் பிடிக்கவும், மழைநீரை உறிஞ்சும் தோட்டம் அமைக்கவும் கவுண்டி தரும் உதவிகளை விசாரித்துப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அதைக் கண்ட நமக்கு இது புதிய வேலை அல்ல.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தண்டவாளம் காட்சிப் பொருள் அல்ல, இன்றும் சி.எஸ்.எக்ஸ். நிறுவனத்தின் சரக்கு ரயில்கள் அதில் ஓடுகின்றன. 2012 ஆகஸ்டில் நிலக்கரி ஏற்றிவந்த வண்டி ஒன்று இதே இடத்தில் தடம்புரண்டபோது, பாலத்தின் மேல் உட்கார்ந்திருந்த இரண்டு இளம்பெண்கள் உயிரிழந்தார்கள். வளைகாப்புக்கும் பட்டமளிப்புக்கும் தண்டவாளத்தில் நின்று படம் எடுக்கும் வழக்கம் நம்மவர்களிடம் பெருகியிருக்கிறது. தயவுசெய்து அதைக் கைவிடுங்கள். பிள்ளைகளை அழைத்து வரும் நாளில் வேலிக்கு இப்பால் நிறுத்தி, ஓடும் வண்டியைக் காட்டுங்கள்.

பள்ளி நாள்காட்டி முடிவாகும் முன்பே இந்தச் சனிக்கிழமையைக் குறித்துவைக்கும்படி ஆசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன். கையேட்டுக்கான முதல் வரைவை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். ரயில்வேயில் பணியாற்றிய பெரியவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், அவர்கள் ஊர் திரும்பும் முன் தெரிவியுங்கள். கார்டு வேனைப் பற்றிய பகுதியை அவர்களைக் கேட்டு எழுதினால்தான் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
எல்லிகாட் சிட்டி மேட்டுத் தெருவில் குடியிருக்கும்
உங்களில் ஒருவர்